பிஸ்டோசோரஸ் பெனர்

முஹ்ஸின் அந்தக் குரல் செய்தியை மறுபடியும் காதில் வைத்தான். கலஹா பஸ்ஸுக்குள் இருந்து நிவேதிகா டீச்சர் பேசியிருந்தார்.

"தம்பி, நாளைக்குப் பள்ளிக்கூட வாசலுக்குப் பெரிய பெனர் ஒண்டு வேணும். பேர் வந்து, பிஸ்..." அந்த இடத்தில் ஹோர்ன் அடித்தது. "...சோ..." மறுபடி ஹோர்ன். "கண்டவுடன சனம் கிட்ட வரவேணும், சரியோ?"

திருப்பி எடுத்தால் டீச்சரின் போன் வேலை செய்யவில்லை. பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு விழா அச்சு வேலை முழுவதும் அவனுக்குக் கிடைப்பது இந்த ஒரு பெனரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முஹ்ஸின் கலங்குகிற ஆள் இல்லை. மடவளையில் அவன் அச்சுக் கடையிலிருந்து எழுத்துப் பிழை வெளியே போனதாகச் சரித்திரமே கிடையாது. நிவேதிகா விஞ்ஞான டீச்சர். ஆகவே இது விஞ்ஞானப் பேர். இணையத்தில் தேடினான், அகப்பட்டுவிட்டது. பிஸ்டோசோரஸ். ஆதிகாலக் கடலில் நீந்தித் திரிந்த, கழுத்து நீண்ட ஊர்வன.

பேரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டான். மனைவி றம்ஸியா எட்டிப் பார்த்து, இது யாருக்கு விளங்கும் என்றாள். நியாயம்தான். படத்தையும் சேர்த்தான்.

"இது கண்டி வாவில நீந்துற கபரக்கொய்யா மாதிரித்தானே இரிக்கி" என்றாள்.

ஆதிகாலக் கடல் மிருகத்தைத் தண்ணீர் உடும்பு என்றது அவனுக்குச் சுருக்கென்றது. மிருகத்தின் வாயை அகலத் திறந்து, ஊசி ஊசியாகப் பல் வைத்தான். பல்லிடுக்கில் ஒரு மீன் துண்டு. கொஞ்சம் இரத்தம்.

இப்போது அது பெனரைக் கிழித்துக்கொண்டு வந்து கடிக்கும் போலிருந்தது. சின்னப் பிள்ளைகள் அலறுவார்கள் என்றாள் றம்ஸியா. அதற்கும் அவனிடம் வழி இருந்தது. கீழே சிவப்பில் எழுதினான்: 'அஞ்ச வேண்டாம். இது செத்துப் பல கோடி ஆண்டுகள்.'

"விடியப் போய் டீச்சர்ட்ட ஒருக்காக் கேட்டுட்டு அடிச்சா என்ன?"

"பேரே தெரியாதவன்டு நெனைக்கவா? எனக்குத் தெரியும் புள்ள."

காலையில் பள்ளிக்கூடக் காவலாளி கறுப்பையாவிடம் பெனரைக் கொடுத்துவிட்டு வந்து, பாராட்டுக்காகக் காத்திருந்தான். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்தும் போன் வரவில்லை. பொறுக்க மாட்டாமல் தானே கறுப்பையாவை அழைத்து, பெனர் எப்படி, சனம் கிட்ட வருகிறதா என்று கேட்டான்.

"பெனரு பிரமாதங்க" என்றார் கறுப்பையா. "ஆனா, செத்துப் பல கோடி வருஷம்னு எழுதியிருக்கிறதப் பாத்துட்டு ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாங்க, டீச்சரம்மா விக்கிறதுக்கு ஆக்கிவச்ச பிஸ்தா சோத்த."