மூன்று-பி குற்றமற்றவர்

“ஏன்னா, நீங்க என்ன தப்பு பண்ணேள்?”

மார்க்கெட்டிலிருந்து வந்த அனந்தலக்ஷ்மி கீரைக்கட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டை ஃபோனில் படமெடுத்து வந்திருந்தாள். மேல்பாதியை இலிஷ் மீன் விருந்து போஸ்டர் மறைத்திருந்தது. அதற்குக் கீழே செக்ரட்டரி மேக்னா தீதியின் ஆங்கிலக் கையெழுத்தில் ஒரே வரி: ‘மூன்று-பி ஸ்ரீனிவாசராகவனைக் கமிட்டி எக்ஸானரேட் செய்தது.’

“குற்றமில்லேன்னு அர்த்தம்டி. நல்லதுதானே?”

“இல்லேன்னு விட்டான்னா, இருக்குன்னு முன்னாடி எவனோ சொல்லியிருக்கணுமோல்லியோ?”

ஸ்ரீனிவாசராகவன் ஃபோனை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தார். ஞாயிற்றுக்கிழமை துர்கா பூஜா கமிட்டித் தலைவர் தேர்வு. கொல்கத்தா டாலிகஞ்சின் அந்தக் கட்டடத்துக்கு முதல் தமிழ்த் தலைவர் அவர்தான் என்று பேச்சு. சில்க் ஜிப்பாவுக்கு அளவுகூடக் கொடுத்தாயிற்று.

அகராதியைப் புரட்டினார். லத்தீனிலிருந்து வந்த சொல். மூலப்பொருள், சுமையை இறக்குவது. ஒரு காலத்தில் கப்பல் சரக்குக்கும் சொன்னார்களாம். இப்போது பெரும்பாலும் விசாரணைகளில் புழங்குகிறது.

விசாரணையா! அவரைக் கூப்பிடாமலேயா? காலையில் எதிர் ஃப்ளாட் கோஷ், “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டதுகூட இப்போது குறுக்கு விசாரணையாகப் பட்டது.

மேக்னா தீதியின் ஃபோன் அணைந்திருந்தது. சரி, நாமே முந்திக்கொள்வோம் என்று கட்டட வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: ‘லிஃப்டில் ஈரக்குடை சொட்டியது பற்றியென்றால், வருந்துகிறேன்.’

கோஷ் பாய்ந்து வந்தார்: ‘ஓ, அது நீங்களா? என் மனைவி வழுக்கி விழுந்தாளே!’

‘குடை மட்டும்தான் நான்,’ என்று பதறினார் இவர். ‘போன பூஜையில் சப்தமியன்று மைக் ப்ளக்கைப் பிடுங்கியதையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அன்று தலைவலி.’

பதினோரு பேர் ஒரே நேரத்தில் டைப் செய்யத் தொடங்கினார்கள். பத்து மாதமாக அதை மின்வெட்டு என்று நம்பியவர்கள். அன்று மைக்கில் பாடிக்கொண்டிருந்தது மேக்னா தீதி.

“ஐயோ, ஃபோனைக் கீழ வைங்கோன்னா!”

வைப்பதற்குள் விரல் முந்திக்கொண்டது: ‘தீதியின் பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டது நான் மட்டுமல்ல.’

சாயங்காலத்துக்குள் தலைவர் பதவிக்குக் கோஷின் பெயர் வந்துவிட்டது. இனி எந்தக் குற்றத்துக்கு விடுதலை என்றாவது தெரிந்துகொள்வோம் என்று ஸ்ரீனிவாசராகவன் கீழே இறங்கினார். விருந்து முடிந்துபோனதால் காவலாளி முகமது இஸ்மாயில் போஸ்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடியிலிருந்து தலைப்பு எட்டிப் பார்த்தது: ‘குழந்தைகளுக்குத் தினம் ஒரு சொல். பொருள், மூலம், உதாரண வாக்கியம்.’

“உதாரணமா?” அவர் தன் பெயர்மேல் விரலை வைத்தார். “அதுக்கு என் பேர்தான் கிடைச்சுதா, இஸ்மாயில் பாய்?”

இஸ்மாயில் பெருமையாகச் சிரித்தார்.

“எந்தப் பேரைப் போடலாம்னு தீதி என்னைத்தான் கேட்டாங்க, சார். இந்தக் கட்டடத்துல யாரும் ஒரு குத்தமும் சொல்ல முடியாத ஆள் நீங்க ஒருத்தர்தான்னு நான்தான் சொன்னேன்.”