மலர்விழி கூப்பிட்டால் ஹாசிம் வீட்டு கேட் திறக்கிறது

பண்டமாரான், கிளாங்
ஞாயிறு காலை

பெருமதிப்பிற்குரிய குகன் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் சிவநேசன் வணக்கத்துடன் எழுதுவது. செலாயாங்கில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மலர்விழி மிகவும் சுகம். அதனால்தான் நான் சுகமாக இல்லை. இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம், ஆனால் என் போனை அவள்தான் சார்ஜ் போடுகிறாள். ஆகவே கடிதம்.

துறைமுகத்தில் கப்பல்களோடு ரேடியோவில் பேசும் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். வந்த புதிதில், வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்றாள். நான்தான் பேசுகிறேனே என்றேன். "நீங்க பேசறதுக்குப் பதில் சொல்ல ஒண்ணும் இல்லீங்க" என்றாள். பிறகு பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினாள். நானும் ஏதோ பொழுதுபோக்கு என்று விட்டுவிட்டேன். இப்போது எங்கள் பின்கட்டில், கூரைக்கு மேலே, மீன்முள் மாதிரி ஓர் அலுமினிய ஆன்டெனா நிற்கிறது. காற்றடித்தால் அது ஆடுகிறது. அது ஆடினால் நானும் ஆடுகிறேன்.

இந்த வார இறுதியில் உலகப் பந்தயம். சனிக்கிழமை காலை தொடங்கித் திங்கள் காலை வரை, எத்தனை நாட்டு ரேடியோக்காரர்களோடு பேச முடியுமோ அத்தனை பேரோடு பேச வேண்டும். பேசுவது என்றால் நாம் பேசுவது மாதிரி இல்லை மச்சான். ஜப்பான்காரர் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார், சாப்பிட்டாயா என்றுகூட இவள் கேட்பதில்லை. தன் அடையாளக் குறி, ஓர் எண், நன்றி, அடுத்த ஆள். அந்தக் குறியை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது, ஆர் என்ற எழுத்துக்கு "ரோமியோ" என்று சொல்ல வேண்டுமாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து "ரோமியோ, ரோமியோ" என்று கத்தினால் வரிசை வீட்டில் என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு உஷாராணி ஆன்டி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை என்னால் மறக்கவே முடியாது.

எண் விஷயம் இன்னும் மோசம். குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஐம்பத்தொன்பது என்றால் மிகத் தெளிவு. ஒருவர் குரல் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கிறது, இவள் திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று கெஞ்சுகிறாள், கடைசியில் அவருக்கும் ஐம்பத்தொன்பது. நான் வங்கியில் வேலை பார்த்தவன், எனக்குப் பொறுக்கவில்லை. இது பொய்யில்லையா என்று கேட்டேன். "பந்தயத்துல அது மரியாதைங்க. கல்யாண வீட்ல சாப்பாடு எப்படின்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்றாள்.

நேற்று பத்து மணிவாக்கில் பக்கத்து வீட்டு ஹாசிம் வந்தார். சட்டையில்லை, சாரோங்கை மடித்துக் கட்டியிருந்தார்.

"அண்ணே, அக்கா அமெரிக்காவக் கூப்பிட்டா என் ரிமோட் ஆட்டோகேட் தானா தொறக்குதுண்ணே. நான் மூடறேன், மறுபடி தொறக்குது. கந்தூரி விருந்துக்கு வாங்கிக் கட்டிப் போட்ட ஆடு கயித்த அவுத்துக்கிட்டு வெளிய போயிருச்சுலா."

ஆடு பெரிய ரோட்டுக்குப் போய், துறைமுக லோரி எதிலாவது அடிபட்டால் பழி யார் தலையில்? இருவரும் ஓடினோம். நான் ஓடிப் பல வருடமாகிறது. ஆடு எங்கேயும் போகவில்லை, எங்கள் வீட்டுப் பின்பக்கம் போய் என் கறிவேப்பிலைச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. மலர்விழி வெளியே வந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஹாசிம் வீட்டுக்குப் போய், கேட் மோட்டார் வயரில் ரேடியோ அலையைத் தடுக்கும் ஏதோ கறுப்பு வளையங்களை மாட்டிவிட்டு, அவரையே நிறுத்தி வைத்துச் சோதனை செய்தாள். பாதி குணமாகிவிட்டதாம். இப்போது ஆன்டெனாவை ஐரோப்பா பக்கம் திருப்பினால் மட்டும் திறக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மாலையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மேரு ஊர்ப் பக்கம் வானம் கறுத்தது. கிளாங் இடி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இடி வருவதற்கு முன்னால் ஆன்டெனா கேபிளைக் கழற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். போய்ச் சொன்னேன். "ஒரு நிமிஷங்க" என்றாள். பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவாம். அங்கே ரேடியோக்காரர் யாரும் குடியில்லை, பந்தயத்துக்காக ஒருவர் பெட்டி தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். உலகமே அவரைக் கூப்பிடுகிறது. மின்னியது. மறுபடி சொன்னேன். "இன்னும் ஒரே நிமிஷம்." அந்தத் தீவுக்காரர் எல்லாரையும் அடக்கிவிட்டு, "மலேசியாக்காரர் மட்டும், இன்னொரு முறை" என்று சொன்னது ஸ்பீக்கரில் என் காதிலும் விழுந்தது. அதே நேரம் இடித்தது. எனக்குக் கண் இருட்டிவிட்டது மச்சான். கேபிளை நான் பிடுங்கிவிட்டேன்.

மழை வரவில்லை. ஒரு தூறல்கூட இல்லை. மேகம் அப்படியே கடல் பக்கம் போய்விட்டது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "கப்பல்காரன் எவனும் நான் பேசறப்ப நடுவுல புடுங்குனதில்லைங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் பேச்சில்லை. இன்று காலை ரேடியோ அறைப் பக்கமே போகவில்லை. தோசை மட்டும் வந்தது.

இது இதோடு போகாது. மார்ச்சில் திரெங்கானு பக்கம் ஆளில்லாத ஒரு தீவுக்கு, கூடாரமும் ஜெனரேட்டரும் எடுத்துக்கொண்டு ரேடியோக்காரர்கள் போகிறார்களாம். இவளும் பேர் கொடுத்திருக்கிறாள். இந்த வயதில், மூட்டு வலியோடு, படகில். நான் சொன்னால் கேட்க மாட்டாள். அண்ணன் என்ற முறையில் நீங்கள் அடுத்த வாரமே வந்து, அந்த ஆன்டெனாவை இறக்கச் சொல்லி, தீவுப் பயணத்தையும் நிறுத்திக் கொடுக்க வேண்டும். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் இடி மின்னல் தொந்தரவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

அன்புடன்,
சிவநேசன்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுத் திறந்திருக்கிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். வீட்டில் சத்தமே இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வானம் வெளுத்திருந்தது. மெதுவாகப் போய்க் கேபிளை மாட்டி, ஹெட்போனைப் போட்டு, குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கேட்பதில் குற்றமில்லையே. வெகுநேரம் இரைச்சல்தான். பிறகு ஒரு குரல் வந்தது. நேற்றைய அதே தீவுக்காரர், தொண்டை கட்டியிருந்தது. "மலர், அவன் இருக்கான், ஓடி வா" என்று கத்தினேன். மீன் கழுவிய கையோடு வந்தாள். கூப்பிட்டாள், கூப்பிட்டாள், ஹெட்போனின் ஒரு பக்கத்தை நானும் காதில் வைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் இவள் குறியை முழுதாகத் திருப்பிச் சொன்னார், மச்சான். எங்கள் பின்கட்டிலிருந்து போன குரல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் என் தோளைத் தட்டினாள், சட்டையெல்லாம் மீன் செதில்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். வானத்தைப் பார்த்து நான் கழற்று என்றால் கழற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். தீவுக்குச் சமையல் ஆள் தேவையாம், என் பேரையும் கொடுத்துவிட்டேன். படகில் குமட்டாமலிருக்க எந்த மாத்திரை நல்லது, அதைக் கிளம்பும் முன்பே போட வேண்டுமா, ஏறிய பிறகா, போட்டுக்கொண்டும் குமட்டினால் என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டு உடனே எழுதுங்கள்.