பெண் பார்க்க வந்தவர்களுக்குக் குபிட் காட்டிய கதை

பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் அதிகம் பேசினால் சம்பந்தம் கைநழுவிப் போகும் என்று எங்கள் அம்மா நம்பினாள். நான் பேசியதோடு நிற்காமல் செய்முறை விளக்கமும் காட்டியவள்.

இரண்டாயிரத்துச் சொச்சம். கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் இன்ஜினியராக இருந்த குமரன், கவரைப்பேட்டையிலிருந்து தன் அப்பா அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தார்.

"இன்னா படிக்கிறன்னு கேட்டா கம்ப்யூட்டர்னு சொல்லிட்டு கம்முனு வந்துடு," என்று அம்மா என் கையில் தட்டைக் கொடுத்தாள். மூன்று டம்ளர் காபி. குமரனின் அப்பாவுக்குச் சுகர் என்பதால் ஒன்றில் மட்டும் சர்க்கரை இல்லை.

"இன்னா ஆராய்ச்சிமா?" என்று அவர் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படும் முகம். (என் கைடுக்குக்கூட அப்படி ஒரு முகம் வாய்த்ததில்லை.) நான் உருகிப்போனேன்.

"குவாண்டம் கம்ப்யூட்டர்ல குபிட்னு ஒண்ணு இருக்குங்க. அது சைபரா, ஒண்ணான்னு படிக்கணும். படிக்கிற கருவி சில சமயம் மாத்திச் சொல்லிடும். அந்தத் தப்பைக் குறைக்கிறதுதான் என் வேலை."

"பாத்து சொல்றதுல இன்னாமா கஷ்டம்?"

தட்டை ஸ்டூல்மேல் வைத்தேன். "சர்க்கரை இருந்தா ஒண்ணு, இல்லன்னா சைபர். இப்ப சைபர் எதுன்னு சொல்லுங்க," என்று டம்ளர்களைச் சரசரவென்று இடம் மாற்றினேன்.

அவர் குழம்பிப்போய்ச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். எது எதுவென்று எனக்கும் தெரியவில்லை.

"அப்போ எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்றார் குமரன், அக்கறையாக.

பதற்றத்தில் ஒரு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டேன். கதவோரம் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். (குபிட்டும் இப்படித்தான். படித்துவிட்டால் பழைய நிலை போய்விடும்.) காபி கசந்தது. "இதுதான் சைபர்," என்று அறிவித்த பிறகுதான் அது எச்சில் டம்ளர் என்று உறைத்தது.

"பரவால்லமா, குடு," என்று குமரனின் அப்பாவே கைநீட்டி வாங்கிக்கொண்டார். கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார். "நல்லா கீதுமா. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

குமரனின் அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. மீதியிருந்த ஒரு டம்ளரை எடுத்துக் குடித்து, முகம் சுளித்துக் கணவரைப் பார்த்தார். "இதுலதான் சக்கர இல்ல. அப்ப நீ குடிச்சது இன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்? பொண்ணு அளந்து குடுத்துச்சு, குடிச்சேன்."

சமையலறையில் பயத்தில் நான் விழுங்கிய மைசூர்பாகு நாக்கிலேயே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு எந்தக் காபிதான் இனிக்கும்? அளக்கும் கருவி சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

உள்ளே ஓடிப்போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். யாரோ தோளைத் தொட்டார்கள். திட்டப் போகிறாள் என்று அம்மாவை எதிர்பார்த்துத் திரும்பினால், குமரனின் அம்மா.

"அழாதமா," என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "டாக்டரு சொன்னதுல இருந்து காபின்னாலே மூஞ்சத் திருப்பிக்குவாரு. இன்னிக்குத்தான் சிரிச்சிக்கினு குடிச்சாரு. ஆனா ஒண்ணு, இனிமே ஊட்ல காபி நான்தான் போடுவேன். நீ அந்தப் பக்கமே வரக் கூடாது."

அழுகைக்கு நடுவில் அந்த 'இனிமே' எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கதவோரத்தில் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளும் அழ ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. மாமனார் கவரைப்பேட்டைக் கடைத்தெரு முழுக்க நடந்து சாக்லேட் கொடுத்தார். இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்லுவார்: "எங்க மருமவ டாக்டரு. எல்லா டாக்டரும் சுகரக் கொறைக்கச் சொன்னாங்க. இது ஒண்ணுதான் ஏத்தி உட்டுச்சு."