மூக்கு பாய் முகர்ந்த கத்தி

மேனேஜர். சின்ன முதலாளி. கேட் வாட்ச்மேன். நான். மூக்கு பாய். ஆபீஸ் அறையில் ஐந்து பேர். மேசை மேல் ஒரு கத்தி.

ஐந்து மூக்கில் ஒன்றுக்குத்தான் மதிப்பு. பாலாற்றின் இரண்டு கரையிலும் அப்படி ஒரு மூக்கு இன்னும் பிறக்கவில்லை.

ஆம்பூர் டேனரியில் நான் தோல் பதமாகிற டிரம் ஓட்டுகிறவன். பாய் தோலை ரகம் பிரிக்கிறவர். கையால் தடவிப் பார்ப்பது மற்றவர்கள். பாய் முகர்வார். என்ன பட்டையில் ஊறியது, எந்த மழைக்காலத்துத் தோல், உப்பு கம்மியா ஜாஸ்தியா, எல்லாம் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது.

ஒரு தடவை ஒரு தோலைச் செம்மறி என்றார். கொண்டு வந்தவன், "வெள்ளாடு பாய். நானே அறுத்தேன்" என்றான். பாய் அசையவில்லை. "அப்போ அதோட அம்மா செம்மறி" என்றார்.

இன்னொரு நாள் காற்றை முகர்ந்து, சாயங்காலம் மழை என்றார். சாயங்காலம் சுள்ளென்று வெயில். பாய் குடையை விரித்தார். விரித்த குடையோடு வீடு வரை நடந்தார். ஊரே பார்த்தது.

இந்த ஆளைத்தான் என் வழக்குக்கு நீதிபதியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

வழக்கு இதுதான். ஆபீஸ் கண்ணாடிப் பெட்டியில் பெரிய முதலாளியின் வேட்டைக் கத்தி இருந்தது. வெள்ளைக்கார துரை ஒருவர் கொடுத்தது. ஆபீசுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கத்தியைக் காணோம். மூன்றாம் நாள் கேட்டில் என் பையைச் சோதித்தார்கள். உள்ளே ஒரு வேட்டைக் கத்தி. அதே நீளம். அதே போலத் தோல் வளையம் அடுக்கிய பிடி.

"எங்க அப்பாவுது சார். மெஷின் கல்லுல தீட்டலாம்னு எடுத்தாந்தேன்" என்றேன்.

"இது ஹன்டிங் நைஃப். உங்க அப்பாவுக்கு எதுக்கு?" என்றார் மேனேஜர்.

அப்பா சின்ன வயதில் பெரிய முதலாளியோடு அமிர்தி காட்டுக்குச் சாமான் தூக்கிப் போனவர். முதலாளி இடுப்பில் இருந்த கத்தி மேல் அவருக்கு ஆசை. ரொம்ப வருஷம் கழித்து பள்ளிகொண்டா கொல்லரிடம் லாரி கமான் பட்டையைக் கொடுத்து அதே போல அடித்து வாங்கினார். பிடியும் உறையும் தானே செய்தார். சொன்னேன். யாரும் நம்பவில்லை. சின்ன முதலாளி செல்போனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்து, "பிரிட்டிஷ் டைம் மாதிரிதான் இருக்கு" என்றார்.

கத்தி பழசு என்றால் நான் திருடன். வேலை போகும். அப்பா பெயரும் போகும்.

வேறு ஊராக இருந்தால் இரும்பைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் தோல்காரர்கள். இரும்பை யாரும் தொடவில்லை. மேனேஜர் உறையை எடுத்து பாயிடம் நீட்டினார்.

பாய் கண்ணை மூடினார். முகர்ந்தார்.

"ஆவாரம் பட்டை. வெள்ளக்காரன் காலத்துத் தோல்."

வாட்ச்மேன் என்னை விட்டுத் தள்ளி நின்றார். மேனேஜர் போனை எடுத்தார்.

பாய் உறையைக் கீழே வைக்கவில்லை. மறுபடி முகர்ந்தார். பிறகு நக்கினார்.

"ஐயே, பாய்!" என்றார் சின்ன முதலாளி.

"சும்மா இரு தம்பி. இது தண்ணி குடிச்ச தோல். சேத்து வாசம் வருது. தாஸ், உங்க வூட்ல மாடு கட்டி கவலை ஓட்னாங்களா?"

"தாத்தா ஓட்டுனாரு பாய். கிணத்துல தண்ணி இறைக்கிற தோல் பை வீட்ல கெடந்துச்சி. அதுலதான் அப்பா உறை வெட்டுனாரு."

பாய் தையலை நகத்தால் இழுத்தார். "நைலான். ஷூ தைக்கிற நூல். துரை ஷூ கம்பெனிலயா வேல செஞ்சான்?"

அடுத்தது பிடி. ஒரு வளையத்தின் ஓரத்தை நகத்தாலேயே சுரண்டினார். மேலே கறுப்பு. உள்ளே நீலம். குரோம் போட்ட தோல்தான் உள்ளே நீலமாக இருக்கும். டேனரியில் எல்லோருக்கும் தெரியும்.

"இந்த டேனரிக்கு மொத குரோம் டிரம் வந்தப்போ திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குனவன் நான். துரை அதுக்கு முன்னாடியே கப்பல் ஏறிட்டான்."

"பிடிய மட்டும் மாத்தியிருக்கலாமே?" என்றார் மேனேஜர்.

பாய் பிடியை அவர் மூக்குக்குக் கீழே வைத்தார். "மோந்து பாருங்க. இருவது வருச வேர்வை. மூணு நாள்ல இத்தன வேர்வ ஏத்த முடியும்னா, அவனுக்கு சம்பளத்த ஜாஸ்தி பண்ணுங்க."

மேனேஜருக்கு முகம் சுருங்கியது. "நீங்கதான பாய் வெள்ளக்காரன் காலம்னீங்க?"

எனக்குச் செம்மறி ஞாபகம் வந்தது. குடை ஞாபகம் வந்தது. இவர் தன் வார்த்தையைக் காப்பாற்றினால் நான் தொலைந்தேன்.

பாய் மூக்கைத் துடைத்தார். தரையைப் பார்த்தார்.

"நான் சொன்னது தப்பு."

வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் போனைப் பாக்கெட்டில் போட்டார். என் கத்தியைத் திருப்பித் தந்தார். மறுநாள் துரை கொடுத்த கத்தி பீரோ மேல் கிடைத்தது. சுண்ணாம்பு தெறிக்காமல் யாரோ பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்கள்.

பாயிடம் நன்றி சொல்லப் போனேன். "தோலுக்குச் சொன்னேன். உனக்கு இல்ல. போய் டிரம்மைப் பாரு" என்றார்.

இப்போது அவர் ஆற்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வருஷம் ஒரு காய்ச்சல். அதற்குப் பிறகு மூக்கில் வாசம் ஏறுவதில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகள்தான் என்னிடம் வாசலில் வைத்துச் சொன்னது.

போன மாதம் பிரியாணி வாங்கிப் போனேன். சிக்கன். பொட்டலத்தை மூக்கருகில் வைத்து, கண்ணை மூடினார்.

"மட்டன்."

"ஆமா பாய்" என்றேன்.

முப்பத்தோரு வருஷப் பழக்கம். அதில் அவர் தன் வாயால் தப்பு என்று சொன்னது எத்தனை தடவை என்று பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன்.

ஒன்று.