பிளேட்டு அண்ணனும் ஒரு கோணல் ஏழும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே ஓடுகிற அத்தனை பழைய வண்டிகளையும் தெரிந்தவர், ஆனால் ஓட்டுகிற ஒருத்தர் பெயரும் தெரியாதவர் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் உண்டு. அவர் எங்கள் பிளேட்டு அண்ணன். இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார்.

பழைய ஜீப், புல்லட், ஸ்கூட்டர், கார் ஆகியவற்றின் நம்பர் பிளேட்டை நெளிவெடுத்து, துரு நீக்கி, முதன்முதலில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே திரும்ப எழுதித் தருவது அவர் தொழில். அதனால் பிளேட்டு அண்ணன். அவரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பார்த்தவர்கள் மட்டும் பிளேடு அண்ணன் என்பார்கள். இரண்டும் பொருத்தம்தான். நாலுக்குக் கால் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தாரென்றால், கையில் இருக்கும் டீ ஆறி ஏடு கட்டிவிடும்.

மனிதர்களை அவர் வண்டி நம்பரால்தான் அடையாளம் வைத்திருந்தார். என்னை என் பைக்கின் நம்பரைச் சொல்லி, "நாப்பத்தாறு பன்னெண்டு, இன்னா இந்தப் பக்கம்?" என்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் டிராயிங் வாத்தியார் தன் புல்லட்டை விற்றுவிட்டார். அன்றிலிருந்து அண்ணனுக்கு வாத்தியாரைத் தெரியாமல் போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். புல்லட்டை வாங்கிய மளிகைக்கடைக்காரரை நிறுத்தி, "பையன் பத்தாவது பாஸாய்ட்டானா?" என்று வாத்தியார் மகனை விசாரித்தார். மளிகைக்கடைக்காரருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு கூத்து. முதலில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பெட்டி மேல் சைஸ் எழுதுகிற வேலை. பெரியவர்கள் ஷூ மட்டும் செய்கிற கம்பெனி என்பதால் ஆறு முதல் பதினொன்று வரைதான் எழுத வேண்டும். அதிலும் ஏழு எழுதி எழுதி, ஏழில் மனிதர் புலியாகிவிட்டார். ஆனால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து இந்த நான்கும் அவர் கைக்கு வரவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒரு நாள் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, "சார், எனக்கு மூணு வேணும்" என்றார். மூன்று நாள் லீவு கேட்கிறாராக்கும் என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். போனவர் திரும்பவே இல்லை. வரும்போது வேண்டாத பெட்டி மூடிகளை ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அதில்தான் இன்றைக்கும் எழுதிப் பழகுகிறார்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஒரு பழைய லாரியின் பின்பக்க பிளேட்டைப் பார்த்துவிட்டு, அடியில் எழுதியவன் கை தெரிகிறதா என்று ரோட்டில் மல்லாந்து படுத்தார். பள்ளிகொண்ட பெருமாளின் ஊரில் இவரும் பள்ளிகொண்டதும், சாலை மறியல் என்று நினைத்துப் பின்னால் வந்த பஸ்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார். பயணிகள் இறங்கி வந்து கோரிக்கை என்ன என்று கேட்டார்கள். "அஞ்சு" என்றார் அண்ணன், லாரியில் இருந்த ஐந்தைக் காட்டி. மிச்ச நாலு கோரிக்கை என்ன என்று ஒருவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்.

சர்ச்சிலும் அவர் கைவரிசை உண்டு. பாட்டு நம்பர் போர்டில் செருகுகிற எண் பலகைகள் எல்லாம் அவர் எழுதியவை. கறுப்பில் வெள்ளை, அசல் நம்பர் பிளேட் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்குப் பக்கத்தில் மூன்று கார்கள் நிற்பது போலவே இருக்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. மூன்று ஆங்கில எழுத்து, பிறகு 317. அம்மா நர்ஸ். டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். அப்பா வந்து அழைத்துப்போவார். அப்பா இறந்த மறு மாதமே அந்த வண்டியை நான் விற்றேன். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அப்போது தோன்றியது. அம்மாவும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

இதை ஒருமுறை பிளேட்டு அண்ணனிடம் உளறியிருந்தேன். அவர் பெயரை மறப்பார், நம்பரை மறப்பாரா? ஒரு நாள் ராணிப்பேட்டையிலிருந்து போன். "முன்னூத்திப் பதினேழு உயிரோட இருக்குது. கோழிக்கூடு பக்கத்துல நிக்குது. சீக்கிரம் வா." நான் ஆபீஸில் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, ஓடினேன். பேசி வாங்கி, குட்டி யானை வேனில் ஏற்றி, மெக்கானிக்கிடம் விட்டு, பத்து நாளில் வண்டி தடதடவென்று உயிர் பெற்றுவிட்டது. அடுத்த சனிக்கிழமை வேலூர்க் கோட்டை மைதானத்தில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு இருந்தது. அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கோட்டையைச் சுற்றி வருவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பின்னால் போய் நின்றார். அங்கே மஞ்சள் ஸ்டிக்கரில் யாரோ அச்சடித்த 317 பளபளத்தது.

"இது நம்ம வண்டி இல்லப்பா" என்றார்.

ஆர்.சி. புத்தகம், சேசிஸ் நம்பர் எல்லாம் எடுத்துக் காட்டினேன்.

"சேசிஸ் நம்பரையா நான் வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தேன்? அத்தனை ஸ்கூட்டர் வரும். எல்லாம் ஒரே கலர். உங்க அப்பா எழுதுன கோணல் ஏழை வச்சித்தான் கண்டுபிடிப்பேன். பெயிண்டர் வரலைன்னு அவரே எழுதுனது. அந்த ஏழு வரட்டும், ஏர்றேன்."

ஏழு கோணல் என்று எனக்கும் நினைவு இருந்தது. எந்தப் பக்கம் கோணல் என்றுதான் நினைவில்லை. வீட்டில் அந்த ஸ்கூட்டரோடு இருக்கிற ஒரே போட்டோவில், சரியாக பிளேட்டை மறைத்துக்கொண்டு நிற்பவர் அம்மாதான்.

இதைக் கேட்ட பிளேட்டு அண்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் பெயிண்ட், அதற்கு அடியில் பெயிண்ட், எல்லாவற்றுக்கும் அடியில் அப்பா எழுதியது இருந்தே தீரும் என்று துள்ளினார். ரோட்டில் ஓட்டுவதற்கு மெஷின் பிளேட் தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். "அது கவர்மெண்டுக்கு. இது சிஸ்டருக்கு." ஆட்டுத்தோல் துண்டு மேல் பிளேட்டை வைத்து, ஆபரேஷன் பிளேடால் ஒவ்வொரு பூச்சாக உரித்தார். மூச்சு விட்டால் தூசி பறக்கும் என்று என்னைத் தெருவில் நின்று மூச்சு விட்டுவிட்டு வரச் சொன்னார். புதன்கிழமை மத்தியானம் மூன்று வந்துவிட்டது. ஒன்று வந்துவிட்டது. ஏழின் மேல் மூலை லேசாகத் தலைகாட்டியது. அண்ணன் சாப்பிடப் போனார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் பாட்டில் இருந்தது. துணியில் நனைத்து மெதுவாக ஒரே ஒரு துடை துடைத்தேன். மஞ்சள் போனது, நீலம் போனது, வெள்ளை போனது, ஏழும் போனது. கீழே தகரம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

திரும்பி வந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். "ஏழை அழிச்சிட்டான்பா! ஒரு நிமிஷத்துல ஏழை அழிச்சிட்டான்!" தெருவில் இருந்தவர்களுக்கு நம்பர் பிளேட்டைப் பற்றி என்ன தெரியும்? எந்த ஏழையை அழித்தான், எந்தக் கம்பெனி முதலாளி இவன் என்று கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் என் சட்டையைப் பிடிக்கிற தூரத்துக்கு வந்து, அந்த ஏழைக்குக் குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார். நான் இருக்கிறது என்றேன். பொய் இல்லை. வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருந்தார். முதல் தடவை வண்டியை விற்றேன், இரண்டாம் தடவை அப்பா கையெழுத்தையே துடைத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்ப் பெட்டி மூடிகளை எடுத்துக் கோணல் ஏழு எழுத உட்கார்ந்தார். அங்கேதான் வந்தது வினை. சைஸ் ஏழு எழுதியே வளர்ந்த கை, கோணலாக எழுத வரவில்லை. இடது கையால் எழுதினார், அழகாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினார், இன்னும் அழகாக வந்தது. மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கையை வெறுத்ததை அன்றைக்குப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பிளேட்டும் பிரஷ்ஷும் நாற்பது மூடிகளுமாக எங்கள் வீட்டுக்கு வந்து, பெண் பார்க்கப் போட்டோ பரப்புகிற மாதிரி மூடிகளை அம்மாவின் கட்டில் மேல் பரப்பினார்.

"அழகா இருக்குது தம்பி. ஆனா இது இல்ல" என்று அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினார். அப்பாவின் ஏழு, காற்றில் குடை திரும்பிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்றார். அண்ணன் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசி மூடியைத் தள்ளும்போது அது கவிழ்ந்தது. அதன் பின்பக்கத்தில், அண்ணன் கொட்டகையில் இருந்தபோது, அணிவகுப்பு நடத்துகிறவரின் போன் நம்பரை நான் அவசரத்தில் கிறுக்கி வைத்திருந்தேன்.

அம்மா அதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தார். நம்பரின் நடுவில் விரலை வைத்தார்.

"இதோ இருக்குதே."

அண்ணன் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஷூ கம்பெனி ஆபீஸில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டுகிறவன் நான். என் கையெழுத்தை நானே பார்த்துப் பல காலம் ஆகிறது. எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்ட குடையாக ஒரு ஏழு அங்கே நின்றுகொண்டிருந்தது.

தன் பிரஷ்ஷை யாரையும் தொட விடாத மனிதர் அதை என் கையில் கொடுத்தார். "மூணும் ஒண்ணும் நான் பாத்துக்கறேன். ஏழு உங்க வீட்டுது, நீ எழுது."

ஒரு மூடியை எடுத்தேன். பழகுவதற்கு எழுதிய முதல் ஏழு ஜம்மென்று நேராக வந்துவிட்டது. "அழகா எழுதாத" என்று அதட்டினார். "போன் நம்பர் எழுதற மாதிரி எழுது." அந்த நம்பர் முழுவதையும் வேகமாகச் சொல்லிக்கொண்டே காற்றில் எழுத வைத்தார். ஏழு வந்ததும் பிளேட்டை பிரஷ்ஷுக்கு அடியில் தள்ளினார். எழுதி முடித்ததும் அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன், அது தெரியும்.

சனிக்கிழமை கோட்டையைச் சுற்றி வந்தோம். அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அகழிப் பக்கம் திரும்பும்போது, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமே என்றார். பிளேட்டு அண்ணன் எங்களைப் பார்க்கவே இல்லை. பிளேட்டைப் பார்த்தபடி பின்னாலேயே ஓடி வந்தார். பரிசு கிடைக்கவில்லை. கடைசி எண் சரியாக எழுதப்படவில்லை என்று நடுவர் குறித்திருந்தார். அவரோடு அண்ணன் போட்ட சண்டையில், அதுதான் ஒரிஜினல் என்கிற வார்த்தை மைதானம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அவருக்கு நான் முன்னூத்திப் பதினேழு ஆகிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. சர்ச் போர்டில் இரண்டாம் பாட்டு நம்பரில் ஒரு ஏழு. காற்றில் திரும்பின குடை. போதகர் அதைச் சரிசெய்யச் சொன்னபோது, "ஐயா, அது அப்படித்தான்" என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். என்னிடம் எழுதி வாங்கவில்லையே, எப்படி என்று யோசித்தேன். பிறகு அவர் கொட்டகைக்குப் போனபோது மூலையில் பெட்டி மூடிகள் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தன. அடியில் இருந்தவை நேரான ஏழுகள். மேலே வர வர கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்திருந்தன.

ஏழு வருகிற ஞாயிறுகளில் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதில்லை. போர்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி பெஞ்சில் பிளேட்டு அண்ணன் பாடாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.