தின்னக் கொடுத்த புளியங்கொட்டை

ஞாயிற்றுக்கிழமை வத்தலகுண்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். உயிரே போனாலும் சரி.

அங்கே என் மனைவி முஹ்சினாவின் தங்கை இஃப்பத்துக்குப் புதுவீட்டு விருந்து. இஃப்பத் தங்கமான பிள்ளை. அவள் புருஷன் ஃபாரிஸ்தான் பிரச்சினை. போன தடவை, குடிபோகும் முன்பே வீட்டைச் சுற்றிக் காட்டினான். ஒவ்வொரு குழாயையும் திறந்து, மூடி, அதன் வரலாற்றைச் சொன்னான். குளியலறையிலேயே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று. ஃபாரிஸாவது சாப்பிடும்போது நிறுத்துவான். அவனைப் பெற்ற அத்தா அப்போதும் நிறுத்த மாட்டார்.

முடிவு சரி. அதை முஹ்சினாவிடம் யார் சொல்வது? சனிக்கிழமையும் வந்துவிட்டது. 

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு சூசைமுத்து தன் போனில் இருந்த ஒரு புதிரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோ என்று ஒரு ஆட்டம். எதிராளியின் காய்களைச் சுற்றி வளைத்து மூச்சை அடைத்தால் அவை நமக்கு. எங்கள் இருவருக்கும் அதில் பித்து. என் பூட்டுக்கடை அட்டைப்பெட்டியில் கட்டம் போட்டிருந்தோம். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை. புதிரில் இருந்தபடியே அவற்றைப் பரப்பினோம்.

“கறுப்பு வைக்கணும், மொச்சைக் கூட்டம் மொத்தமும் சாகணும். மூலையில வைங்க பாய்.”

“மூலையா? நடுவுல வச்சாத்தான் சாகும்.”

“நடுவுல வச்சா தப்பிச்சிரும்!”

“மூலையில வச்சா உங்க காய் அங்கனயே கிடந்து காயும்!”

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். இத்தனை வருஷப் பழக்கம் ஒரு மொச்சையில் முறியப் பார்த்தது.

“செத்த நேரம் சும்மா இருங்க ரெண்டு பேரும்,” என்றாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முஹ்சினா. “நான் வைக்கவா?”

“நீயா?” எனக்குச் சிரிப்பு வந்தது.

“நான் வச்சது சரின்னா நாளைக்கு வத்தலகுண்டு வரணும். தப்புன்னா வீட்லயே இருங்க.”

என் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்திருக்கிறாள்!  ஆனாலும் ஆட்டமே தெரியாதவளிடம் தோற்பேனா? “சரி,” என்றேன்.

ஒரு புளியங்கொட்டையை எடுத்து மொச்சைகளின் வாய்க்குள்ளேயே வைத்தாள்.

“ஐயோ, அதை மொச்சை தின்னுருமே!” என்றேன்.

“திங்கட்டும். தின்ன இடத்துலயே மூச்சு முட்டும். அப்புறம் மொத்தத்தையும் அள்ளிரலாம்.”

சூசைமுத்து போனில் விடையைத் தட்டினார். முகம் தொங்கிப்போயிற்று. “தங்கச்சி சொன்னதுதான் பாய் சரி.”

“எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றேன்.

“குடுத்தா யோசிக்காமத் திங்கிறவரோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேனே.”

குழாய்கள் எல்லாம் என் கண்ணெதிரே வரிசையாகத் திறந்துகொண்டன. கண்ணிலும் ஒரு குழாய் திறந்துகொண்டது. முஹ்சினா என்னைப் பார்த்தாள்.

“சரி, பாவம். நீங்க வரவேணாம். வீட்லயே இருங்க.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“வர மாட்டேன்! நாள் முழுக்க வீட்லதான் இருப்பேன்! சூசைமுத்து, நீங்கதான் சாட்சி!”

அவள் நிதானமாகப் போனை எடுத்தாள். “இஃப்பத், உன் மாமனாருக்குக் கூட்டம் ஆகாதுன்னு கவலைப்பட்டியே, காலையிலயே இங்க கொண்டாந்து விட்டுரு. ராத்திரி வரைக்கும் இவுக பாத்துக்கிருவாக. வீட்லதான் இருப்பாகளாம், சாட்சி வச்சுச் சொல்லிட்டாக.”

ஃபாரிஸின் அத்தா! நான் சூசைமுத்துவைப் பார்த்தேன்.

“நாளைக்கு சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நான் மாமியார் வீட்டுக்குப் போறேன் பாய்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர் நழுவினார்.

தின்ற புளியங்கொட்டை தொண்டையிலேயே நின்றது.

“அப்படியே அந்த மொச்சையை ஊறப்போடுங்க,” என்றாள் முஹ்சினா. “அவருக்கு மொச்சைக் குழம்புன்னா உசுரு. நாளைக்கு நீங்கதானே வைக்கணும்.”