சாணிக் கிராணியின் உரக்குழி

பினாங்குத் தீவில் மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்து முகம் மலர்ந்த ஒரே மனிதர் எங்கள் சாணிக் கிராணிதான். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, பளபளக்கும் சப்பாத்து, கக்கத்தில் ஒரு காலி பிஸ்கட் டின். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஜெலுத்தோங் பக்கம் மின்சார டிராம் ஓடிய காலம் அது. மாலையில் வேலை முடிந்து வரும்போது சாலையில் சாணி கண்ணில் பட்டால், ஓடுகிற டிராமிலிருந்து குதித்துவிடுவார். நாளடைவில் கண்டக்டரே குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

"கிராணி அண்ணே, வலது பக்கம். இப்பதான் போட்டிருக்கு லா."

"இரு தம்பி, குடையப் பிடி."

டிராம் அங்கே வேகம் குறையும். அதையே நிறுத்தம் என்று நம்பி ஒரு வெள்ளைக்காரர் இறங்கிவிட்டதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. நம்புகிறேன்.

அவர் வீட்டுப் பின்புறம் நாலு பாய் விரிக்கிற இடம்தான். அதில் கத்தரி, வெண்டை, பாகல், புடலை எல்லாம் காய்த்தன. புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டுவார்கள். அவர் கட்டியது கிட்டங்கி மேசையிலிருந்து வந்த பேப்பர் வெயிட். தெருவில் கிடக்கும் சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஊறவைத்துப் பூச்சிக்குத் தெளிப்பார். எஸ்டேட்டில் வேலை பார்த்த மச்சான் ஒருமுறை ஒரு மூட்டை சீமை உரம் கொண்டுவந்தார். வந்தவருக்குக் காப்பி கொடுத்து, மூட்டையையும் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார் கிராணி.

"மண்ணு நல்லாத்தானே இருக்கு மச்சான். அதுக்கு எதுக்கு மருந்து?"

மூலையில் இருந்தது உரக்குழி. சாணி, பாசாரில் வாங்கிவந்த மீன் குடல், இறால் ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் அதில் சேரும். யாராவது மூக்கைப் பிடித்தால் அவருக்கு வருத்தமாகிவிடும். "நாத்தம்னு சொல்லாத தம்பி. அது வாசம். மூக்குதான் இன்னும் பழகல."

நான் அடுத்த வீடு. வாரம் மூன்று நாள் என் வீட்டுக் குழம்பில் அவர் காய்தான் கொதித்தது. இதை முதலில் சொல்லிவிடுவது நியாயம்.

எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய சமயம், என் தலைமைக் கிராணியைத் தேநீருக்கு அழைத்திருந்தேன். அவர் கேக்கைக் கையில் எடுத்தபோது காற்று திசை மாறியது. கேக்கைத் தட்டில் வைத்தார், கைக்குட்டையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேல் சாணிக் கிராணியின் தலை தெரிந்தது.

"தம்பி, விருந்தாளிக்கு ரெண்டு வெண்டக்கா வேணுமா?"

நீட்டிய கையில் முழங்கை வரை மீன் செதில். தலைமைக் கிராணி தேநீரை முடிக்காமலே எழுந்து போனார்.

அன்றைக்கே சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஒரு மொட்டை மனு எழுதினேன். கையெழுத்தை மாற்றி, நல்ல இங்கிலீஷில், இரண்டு பக்கம். கிராணிகளாகிய எங்களுக்கு ஒரு நோய் உண்டு: எதையும் அளவோடு எழுதாவிட்டால் தூக்கம் வராது. குழியின் நீளம், அகலம், ஆழம், குசினியிலிருந்து, அதாவது சமையலறையிலிருந்து, ஒன்பது அடி தூரம் என்று எல்லாவற்றையும் எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார், மனுவைச் சாணிக் கிராணிக்குப் படித்துக் காட்டினார். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் குழியை மூடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை சாணிக் கிராணி ஒரு கூடை கத்தரிக்காயோடு என் வீட்டுக்கு வந்தார்.

"எவனோ நல்லாப் படிச்சவன் எழுதியிருக்கான் தம்பி. எனக்குச் சரக்குப் பட்டியல் எழுதத்தான் வரும். பதில் மனு நீதான் எழுதித் தரணும். குழி போனா தோட்டம் போச்சு."

என்னால் காப்பாற்றியிருக்க முடியும். குழிக்கு மூடி போடலாம், தோட்டத்தின் மறுமூலைக்கு மாற்றலாம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். அந்த இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர். நான் எழுதியது, "ஐயா கருணை கூர்ந்து" என்று தொடங்கி "தாழ்மையுள்ள ஊழியன்" என்று முடியும் அரைப் பக்கம். நடுவில் ஒன்றுமில்லை. கத்தரிக்காய்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

குழி மூடப்பட்டது. அடுத்த மாதமே அவர் கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் ஒரு குடிசை பார்த்துவிட்டார். அங்கிருந்து தினம் கிட்டங்கிக்கு வர முடியாது, வேலையை விட்டார். வீட்டுச் சாமான் ஒரே ஒரு பெட்டி. தோட்டத்து மண் பதினொரு மண்ணெண்ணெய் டின். படகுத்துறையில் கூலிக்காரர் கேட்டாராம்: "அந்தக் கரையில மண்ணு இல்லியா அண்ணே?"

"இருக்கு. ஆனா எனக்குப் பழக்கமில்ல."

பன்னிரண்டாவது டின்னை என் வாசலில் இறக்கி வைத்தார்.

"உனக்குத்தான். கத்தரி போடு. ரெண்டு மனுவையும் இன்ஸ்பெக்டர் படிக்கக் கேட்டேன் தம்பி. முதல்ல எழுதினதுதான் நீ மனசு விட்டு எழுதினது."

டின்னை உள்ளே இழுத்து வைத்தேன்.

"இந்த வரிசையில என் குழிக்கு ஒம்பது அடியில ஒரே ஒரு குசினிதான் இருக்கு. ரெண்டாவதுலயாவது நீ மாத்தி எழுதுவேன்னு பாத்தேன். சரி, படகுக்கு நேரமாச்சு."

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் இதைச் சொன்னேன். அவரும் அந்த வெண்டைக்காயை ருசி பார்த்தவர். எனக்குக் கிடைத்த அபராதம் கொஞ்சம் அதிகம்தான். பதவி உயர்வு வந்தது. சாணிக் கிராணியிடம் ஒரு மன்னிப்புக் கேட்கக் கெப்பாலா பத்தாஸுக்குப் போக, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இருந்துவிட்டேன். பிறகு, போனாலும் அவர் இல்லை என்ற செய்தி வந்தது.

இப்போது என் வீட்டுப் பின்புறம் ஒரு குழி இருக்கிறது. நானே வெட்டினேன்; சமையலறையிலிருந்து சரியாக ஒன்பது அடி. விருந்தாளிகள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்குப் பழகிவிட்டது, அண்ணே. வாசம்தான்.